டாங்க்குக்குத் தலை சீவிய கதை

ஸ்கூபா டைவிங் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆக்ஸிஜன் எவ்வளவு நேரம் தாங்கும்?" நானும் ரொம்ப நாள் முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு, "அது நம்ம மூச்சைப் பொறுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் சரிதான். உள்ளே இருப்பது ஆக்ஸிஜன் இல்லை என்பதுதான் எனக்குத் தெரியாது.

புதுச்சேரியில் நான் போகிற டைவ் ஷாப்பில் காற்று நிரப்புகிற அண்ணன்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "சும்மா காத்துதான் சார். இப்ப மூக்கால இழுக்கறீங்களே, அதேதான்." 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன், மிச்சம் உதிரி வாயுக்கள். இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம் என்று ஒரு நிமிடம் வயிறு எரிந்தது.

தூய ஆக்ஸிஜனை அடைத்துக்கொண்டு போனால், ஆறு மீட்டர் தாண்டியதும் அதுவே விஷமாகத் தொடங்கிவிடுமாம். பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ ஆரம்ப காலத்தில் தூய ஆக்ஸிஜனோடு முங்கிப் பார்த்து, வலிப்பு வந்து பிழைத்தவர். பிற்பாடு 1943-இல் எமில் கான்யான் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றில் ஓடுகிற கருவியைச் செய்தார். ஆக, கூஸ்தோவுக்கும் எனக்கும் ஆக்ஸிஜன் மேல் ஒரே நம்பிக்கைதான் இருந்திருக்கிறது. அவர் அதைக் கடலுக்குள் போய்ச் சோதித்தார்; நான் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, காற்று நிரப்புகிற ஷெட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அறிவுத் தாகம் எல்லாம் இல்லை. எங்கள் குரூப்பில் எல்லோருக்கும் ஒரே அளவு அலுமினிய டாங்க்தான். உள்ளே 11 லிட்டர் இடம். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று. 18 மீட்டர் ஆழத்தில் நிதானமான ஆள் அதை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவார். நான் இருபது நிமிடத்தில் நெஞ்சில் முஷ்டியை வைத்து, 'காற்று கம்மி' என்று சைகை காட்டிவிடுவேன். மற்றவர்கள் அப்போதுதான் மாஸ்க்கைத் துடைத்து முடித்திருப்பார்கள்.

"அங்கிள், நீங்க ரெண்டு பேர் காத்தைக் குடிக்கறீங்க. ஒரு ஆள் காத்தையாவது நீங்களே ரொப்பக் கத்துக்குங்க" என்றாள் எங்கள் இன்ஸ்ட்ரக்டர். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்தில் இருந்த அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது.

டைவ் ஷாப் விளம்பரத்தில் ஆமை வரும், பவளம் வரும், கைகோத்துச் சிரிக்கிற ஜோடி வரும். தகர ஷெட் வராது. அதற்குள் ஒரு ஜெர்மன் கம்ப்ரஸர், சுவரோரம் ஆளுயரத்துக்கு மூன்று ஸ்டோரேஜ் சிலிண்டர்கள், தரையில் படுத்துக் கிடக்கிற காலி டாங்க்குகள், எண்ணெய் வாடை, காது கிழிகிற சத்தம். அந்தச் சத்தத்தில் அண்ணன் சொல்கிறது எதுவும் கேட்காது. எல்லாவற்றுக்கும் 'சரி' என்று தலையாட்டுவேன். பின்னால் வந்த வம்பில் பாதி அந்தத் தலையாட்டலில் பிறந்தது.

முதல் வம்பு என் பைக். கம்ப்ரஸர் வெளிக் காற்றை உறிஞ்சுகிற குழாய் ஷெட்டின் பக்கவாட்டில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே நல்ல நிழல். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், போனில் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்ப்ரஸர் சத்தம் நின்றது. ஆகா, நாம் பேசுவதற்காக நிறுத்தியிருக்கிறார்கள், எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்.

மரியாதை இல்லை. என் சைலன்ஸர் விடுகிற கார்பன் மோனாக்ஸைடு நேராக அடுத்தவன் டாங்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பியத் தரக்கணக்கில் மூச்சுக் காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு. உள்ளே போன விஷத்தின் வேகமும் மும்மடங்கு. ஃபில்டரில் ஹாப்கலைட் என்று ஒரு சரக்கு அதைக் கார்பன் டைஆக்ஸைடாக மாற்றும். ஆனால் ஈரம் பட்டால் அது கையை விரித்துவிடும். காலையில் தரைக்காற்று ரோட்டுப் புகையைக் கொண்டுவரும் என்பதால்தான் அண்ணன் மதியம் கடல்காற்று திரும்பியபின் நிரப்புகிறாராம். "பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுத்திருக்கேண்ணே" என்றேன். சாவியைப் பிடுங்கி அவர் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து எனக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார். கம்ப்ரஸர் காற்றை ஒரே அமுக்கில் 200 பாருக்கு ஏற்றுவதில்லை. மூன்று, நான்கு கட்டங்களாக அமுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று சுடும். சுருள் குழாய்களில் ஓடிக் குளிரும். குளிரும்போது அதிலிருந்த ஈரம் தண்ணீராகப் பிரியும். அந்தத் தண்ணீரைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். "மெதுவா" என்று அண்ணன் சொன்னாராம். நான் தலையாட்டினேன். பால்மாதிரி எண்ணெய்த் தண்ணீர் சீறி வந்து என் வெள்ளைச் சட்டையில் ஒரு உலக வரைபடம் போட்டது. ஆஸ்திரேலியா மட்டும் இன்னும் போகவில்லை.

இனி நான் உண்மையில் அவமானப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 100 லிட்டர்தான் தள்ளும். 50 பார் மிச்சத்தோடு வருகிற டாங்க்கை 200-க்கு ஏற்ற அதற்குப் பதினாறு, பதினேழு நிமிடம் பிடிக்கும். வார இறுதியில் கூட்டம் வந்தால் கதை நடக்காது. அதனால் முந்தின நாளே அந்தப் பெரிய சிலிண்டர்களில் காற்றை ஏற்றி வைத்துவிடுவார்கள். இதற்குப் பேர் பேங்க். காலையில் பேங்க்கிலிருந்து ஹோஸ் மாட்டித் திறந்தால் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று தானாகவே ஓடும். கரன்ட் செலவில்லை, சத்தமில்லை. என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு காத்திருக்கிறது. அண்ணன், "டீ குடிச்சிட்டு வந்துர்றேன், நீங்க நாலு டாங்க் போட்டு வைங்க" என்று போனார். மூன்று பேங்க் சிலிண்டரிலும் மீட்டர் இருந்தது. ஒன்று 120, இன்னொன்று 170, கடைசியது 230. 200 பார் வேண்டியவன் எதைத் திறப்பான்? நீங்களும் என்னைப் போன்றவர் என்றால், நேராகப் போய் 230-ஐத் திறந்திருப்பீர்கள். அதையும் முழுசாக.

புஸ்ஸென்று ஒரு சத்தம். முள் எகிறி 200-ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது. கம்ப்ரஸருக்குப் பதினாறு நிமிடம் ஆகிற வேலை எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாங்க்கைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. புதுக் காற்று, ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது என்று பெருமையோடு வால்வை மூடினேன். இந்த அண்ணன் இத்தனை வருஷமாக ஏன் உருட்டிக்கொண்டிருக்கிறார் என்று பரிதாபமாகக்கூட இருந்தது.

இரண்டாவது டாங்க். மறுபடி அதே சிலிண்டர். இந்தத் தடவை முள் 171-லேயே நின்றுவிட்டது. சரி, பக்கத்துச் சிலிண்டர் ஒன்று இருக்கிறதே என்று 170-ஐத் திறந்தேன். முள் அசையவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் காற்று எதற்கு நகரப் போகிறது? எனக்கு அது தோன்றவில்லை. மீட்டர் ரிப்பேர் என்று முடிவுகட்டி, கண்ணாடியை விரலால் தட்டினேன். பிறகு கையால் தட்டினேன். பிறகு அண்ணன் வந்துவிட்டார்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?" அவர் மூன்று மீட்டரையும் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பஸ்ல டிக்கெட் எடுக்கச் சொல்ல, பாக்கெட்டுல சில்லறை இருக்கும்போது ஐநூறு ரூபா நோட்டை நீட்டுவீங்களா?" நான் நீட்டுகிறவன்தான். கண்டக்டர்கள் என்னைத் திட்டுவது இதற்காகத்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முறை இதுதான்: முதலில் குறைந்த சிலிண்டர். 50 பாரில் இருக்கிற டாங்க் 120-ஓடு சேர்ந்தால் 107-க்கு வரும். அதை மூடிவிட்டு 170-ஐத் திறந்தால் 158-க்கு ஏறும். கடைசியில்தான் 230, அதுவும் கொஞ்சமாகத் திறந்து, 200 வந்ததும் மூடிவிட வேண்டும். இப்படிச் செய்தால் உயர்ந்த அழுத்தம் கடைசி வரை மிஞ்சி நிற்கும். நான் செய்ததில் மூன்று சிலிண்டரிலும் காற்று நிறைய இருந்தது. ஆனால் அதில் எதுவும் ஒரு டாங்க்கைக்கூட இனி 200-க்கு ஏற்றாது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. என் ஃப்ரெஷ் காற்றின் சூடு படகில் இறங்கியது. வாயுவை வேகமாகத் திணித்தால் சுடும். சூட்டில் முள் கூடுதலாகக் காட்டும். ஆறினால் காட்டியது இறங்கிவிடும். 60 டிகிரியில் 197 பார் காட்டுகிற டாங்க், 28 டிகிரிக்கு ஆறியதும் 178-தான். இதைப் பிளஸ் ஒன் வகுப்பில் கே-லுசாக் பெயரில் எனக்கு நடத்தினார்கள். அன்றைக்கும் தலையாட்டியிருப்பேன்.

அதனால்தான் நிமிடத்துக்கு 20 பார், மிஞ்சிப்போனால் 40 பார் என்று மெதுவாக விடச் சொல்கிறார்கள். படகில் செக் பண்ணும்போது இன்ஸ்ட்ரக்டர் என் மீட்டரைப் பார்த்தாள். "அங்கிள், இன்னும் தண்ணிலயே குதிக்கல. அதுக்குள்ள இருபது பார் குடிச்சிட்டீங்களா?" படகே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பதற்குக் காற்று செலவாகும் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

சூடுதானே பிரச்சினை? எனக்கு உடனே ஒரு ஐடியா வந்தது. டாங்க்கைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்திவைத்து நிரப்பினால்? அடுத்த வாரம் ஒரு நீல டிரம்மோடு போய் இறங்கினேன். "அப்படிப் பண்ற கடையும் இருக்கு சார்" என்றார் அண்ணன். என் கண்டுபிடிப்பு எனக்கு முன்பே பழசாகியிருந்தது.

அதில் என்ன சிக்கல் என்றால், அலுமினியத் தடிப்பைத் தாண்டி உள்ளே இருக்கிற காற்றைத் தண்ணீர் அவ்வளவு சட்டென்று குளிர வைத்துவிடாது. மெதுவாக விடுவதற்கு அது மாற்றில்லை. ஆனால் வால்வு வாயில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் 200 பார் அதை உள்ளே அனுப்பிவைத்துவிடும். இரும்பு டாங்க் என்றால் துருப்பிடிக்கும். துரு உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனையே தின்னும். அதனால் ஹோஸை மாட்டும்முன் வால்வை ஒரு கணம் திறந்து, ஈரத்தை வெளியே ஊதித் தள்ள வேண்டும். அண்ணன் சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். வால்வுக்கு நேர் எதிரே குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பக்கத்து வீட்டுக் கொல்லையில்தான் எடுத்தோம்.

டிரம்மை அண்ணன் வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் இப்போது மீன் கழுவுகிறார்கள்.

ஹோஸைக் கழற்றும்போது குழாயில் தங்கியிருக்கிற அழுத்தத்தை ஒரு திருகு வழியாக வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நான் அதை மறந்து, கிளாம்ப் இறுகிவிட்டது என்று ஸ்பேனர் தேடியதை விரிவாகச் சொல்ல வேண்டாம். அண்ணன் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்த வேகத்தை மட்டும் சொல்கிறேன். அவருக்கு முழங்கால் வலி என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இப்போது தேங்காய் எண்ணெய் விவகாரம். அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

காற்றில் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டி, நைட்ரஜனைக் குறைத்து நிரப்புவதற்கு நைட்ராக்ஸ் என்று பேர். வழக்கமான கலவை 32 சதவீத ஆக்ஸிஜன். உடம்பில் நைட்ரஜன் கம்மியாகச் சேரும் என்பதால் அடியில் கூடுதல் நேரம் இருக்கலாம். ஆனால் 34 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அண்ணன் அதைப் பழைய முறையில் கலப்பார். காலி டாங்க்கில் முதலில் 28 பார் வரை தூய ஆக்ஸிஜன், மெதுவாக. அதற்கு மேல் சாதாரணக் காற்றை விட்டு 200-க்கு ஏற்றுவார். ஆறியபின் அனலைஸர் வைத்து, முங்கப்போகிறவனே அளந்து, தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கையெழுத்தை மட்டும் முதல் தடவையே சரியாகப் போட்டேன்.

நைட்ராக்ஸ் அடையாளமாக மஞ்சள் பச்சைப் பட்டை ஒட்டிய டாங்க் ஒன்றின் வால்வு கிறீச் கிறீச் என்று முனகிக்கொண்டிருந்தது. கேட்கச் சகிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய தலைக்குத் தடவ வீட்டில் கொடுத்தனுப்பிய சின்ன பாட்டில் என் பையில் இருந்தது. ரெண்டே சொட்டு. வால்வு வெண்ணெயாக வழுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை, நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்பது என் கொள்கை.

ஆக்ஸிஜன் ஏற்ற டாங்க்கைத் தூக்கிய அண்ணன் மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். சிலிண்டரை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஷெட்டில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "டாங்க்குக்குத் தலை சீவிவிட்டது யாரு?" ஷெட்டில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை ஒன்றுதான் இருந்தது. விசாரணை அதோடு முடிந்தது.

அழுத்தத்தில் பாய்கிற தூய ஆக்ஸிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீக்குச்சி தேவையில்லை; தானே பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் நைட்ராக்ஸ் டாங்க்கையும் வால்வையும் பிசுக்கே இல்லாமல் கழுவித் தனியாக வைக்கிறார்கள். அண்ணன் அந்த வால்வைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவி, ஓ-ரிங் மாற்றி, மறுபடி பூட்ட அன்றைய மதியம் முழுக்கப் போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சாப்பிடும்போது என் இலைக்குப் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

இழந்த பெயரை மீட்க வேண்டுமே. டாங்க்கின் தோளில் தேதிகள் குத்தியிருப்பார்கள். நம் நாட்டில் அழுத்த சிலிண்டர்களுக்கெல்லாம் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகள் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்து தேதி குத்த வேண்டும். உள்ளே தண்ணீரை நிரப்பி, நிரப்புகிற அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி, டாங்க் எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பார்கள். காற்றால் சோதித்தால், டாங்க் வெடித்தால் கட்டடம் போய்விடும். தண்ணீர் அப்படிச் சீறாது. இதைப் படித்துவிட்டு வந்தவன், ஒரு டாங்க்கைக் கண்டுபிடித்து, "அண்ணே, இது எக்ஸ்பைரி ஆகி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று எல்லோர் முன்னாலும் கூவினேன். அண்ணன் குனிந்து பார்த்தார். "இது அது பொறந்த தேதி சார். டெஸ்ட் தேதி அந்தப் பக்கம்."

இப்போது எனக்கு ஷெட்டில் கொடுத்திருப்பது ஒரே வேலை. நிரப்பி முடித்த டாங்க்கின் வால்வு வாயில் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். டேப் இருந்தால் ஃபுல், இல்லாவிட்டால் காலி. குழந்தைகூடச் செய்யும் என்று அண்ணன் சொன்னார். குழந்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

போன தடவை டேப் ஒட்டிய டாங்க் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தேன். வழக்கமாக மூச்சு வாங்கும். அன்றைக்கு அநாயாசமாக வந்தது. காலை நடையும் கேழ்வரகுக் கஞ்சியும் வேலை செய்கிறது என்று மனசுக்குள் ஒரு தெம்பு. இன்ஸ்ட்ரக்டர் பார்க்கும்படி ஒற்றைக் கையாலேயே இறக்கிவைத்தேன். 2,200 லிட்டர் காற்றுக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் எடை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ரெகுலேட்டரை மாட்டி மீட்டரைப் பார்த்தாள். 40 பார்.

"பரவால்ல அங்கிள், நல்லவேளை உங்க டாங்க்தான்" என்றாள். ஸ்பேர் டாங்க் ஒன்று இருந்தது. அதற்கும் டேப் ஒட்டியவன் நான் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

எல்லோரும் குதித்துக் கீழே போனார்கள். ஆமை பார்த்தார்களாம். நான் படகில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து எடுக்கும்போது ஒரு ஜோடி குறைந்தது.